ஏன், எதற்கு, எவ்வளவு?

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எந்த வீட்டு அடுப்பில் வைத்தாலும் அது ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. நீரின் மேல் அழுத்தும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. இதை ஒப்புக்கொள்பவர்களில் பலரும் உடனே, “அப்ப இங்கே பருப்பு சீக்கிரம் வேகுமே” என்பார்கள். நடப்பது நேர்மாறானது. பருப்பை வேகவைப்பது சூடுதான், குமிழி அல்ல. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நீர் அந்த 97-ஐத் தாண்டாது. ஆகவே பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

சரியான விளக்கத்தைக் கேட்ட பிறகும் ஒருவர் அடுத்த அடியிலேயே சறுக்குகிறார் என்றால், அந்த விளக்கம் அவருக்கு எதைக் கொடுக்காமல் விட்டது? தமிழில் அன்றாட அறிவியலை எளிமையாகச் சொல்லும் எழுத்தை நான் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

அந்த எழுத்தின் உச்சம் சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’. ஜூனியர் விகடன் வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் அவை. இதே பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர், வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அவருக்கு வெகுமுன்பே பெ.நா. அப்புஸ்வாமி பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் எழுதினார். அப்புஸ்வாமியிடம் கட்டுரையின் நிதானம். சுஜாதாவிடம் பேச்சின் வேகம். எந்தக் கேள்வியும் அற்பமில்லை என்ற துணிச்சலை லட்சக்கணக்கான வாசகர்களுக்குக் கொடுத்தது அந்த வேகம்தான். தமிழில் அறிவியல் வாசகக் கூட்டம் ஒன்று உருவானதில் அதன் பங்கு பெரிது. அதை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது.

குறை அந்த வடிவத்தில் இருக்கிறது. ஒரு பத்தி முடிந்ததும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. வாசகருக்குப் பதில் கிடைக்கிறது. அது சரியா என்று தானே பார்த்துக்கொள்ளும் வழி கிடைப்பது அரிது. சுஜாதா சொல்லிவிட்டார் என்பதே சான்றாகிவிடுகிறது. அவரிடம் இருந்த பொறியாளர் அந்தச் சான்றுக்கு ஈடு கொடுத்தார். பின்னால் வந்தவர்களில் பலர் அவருடைய வேகத்தை எடுத்துக்கொண்டு பொறியாளரை விட்டுவிட்டார்கள்.

குக்கரையே எடுத்துக்கொள்வோம். “உள்ளே அழுத்தம் ஏறுகிறது, கொதிநிலை உயர்கிறது, சீக்கிரம் வேகிறது” என்பது வழக்கமான பதில். பிழையே இல்லை. இதோடு அளவைச் சேர்த்துப் பாருங்கள். குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சென்னையில் அதற்குள் நீர் சுமார் 121 டிகிரி வரை போகும். ஆஸ்டின் டவுனில் சுமார் 119. திறந்த பாத்திரத்தில் மூன்று டிகிரி இழக்கிற இடத்தில் குக்கரில் இரண்டுக்குள்தான் இழக்கிறோம். ஆக, சென்னையிலிருந்து இங்கே குடிவந்தவர் விசில் கணக்கை அநேகமாக மாற்ற வேண்டியதில்லை. திறந்த பாத்திரத்தில் வடிக்கும் சோற்றுக்குத்தான் கூடுதல் நேரம் விட வேண்டும். இதை எந்தச் சமையலறையிலும் சோதிக்கலாம். விளக்கம் தவறென்றால் சோறே காட்டிக்கொடுத்துவிடும்.

அறிவியலை விட்டு அன்றாடப் பொருளாதாரத்துக்கு வந்தால் அளவில்லாத விளக்கம் இன்னும் அதிகம் கெடுக்கிறது. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றின. “தேவை கூடியது, வரத்து குறைந்தது, விலை ஏறியது” என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு மாவட்ட நிர்வாகம் வைத்த உச்ச விலை 1,000 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 83 ரூபாய். அதே கோடையில், அதே தெருவில், குடிநீர் வாரியத்தின் குழாயில் முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய்தான். 2014-இல் வைத்த கட்டணம் 2025 வரை நகரவில்லை. தேவையும் வரத்தும் டேங்கர் விலை ஏறியதை விளக்குகின்றன, குழாயை விளக்கவில்லை.

குழாயைப் புரிந்துகொள்ள வேறு கணக்கு வேண்டும். காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வருகிறது. மூன்று கட்டமாகச் சுமார் 500 மீட்டர் மேலே ஏற்றப்படுகிறது. ஒரு சொட்டு ஆற்றலும் வீணாகாத பம்ப் இருந்தால்கூட ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும் 6 ரூபாய் 80 காசு. பம்பின் இழப்பு, குழாயின் உராய்வு, சுத்திகரிப்பு, சம்பளம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அந்த 7 ரூபாய் செலவின் கணக்கு அல்ல, அரசின் முடிவு. மீதிச் செலவை, அதிகத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளும் வணிக இணைப்புகளும் வாரியமும் சுமந்தன. குழாய் இணைப்பே இல்லாத குடும்பத்துக்கு இந்தச் சலுகை எட்டவில்லை; டேங்கரின் உச்ச விலையில் அது ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய் கொடுத்தது. இதைத்தான் மக்கள் அறிய வேண்டும். “தேவை, வரத்து” என்ற இரண்டு சொற்கள் இதை மறைத்துவிடுகின்றன.

எண் வந்தால் வாசகர் ஓடிவிடுவார் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் ஏற்கவில்லை. குடம் கணக்கிலும் லிட்டர் கணக்கிலும் தண்ணீர் வாங்குகிறவர்கள் தினமும் கணக்குப் போடுகிறவர்கள். அவர்களை மிரட்டுவது சூத்திரம். மேலே உள்ள கணக்கு முழுவதும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

வானம் ஏன் நீலம் போன்ற கேள்விகளுக்கு சுஜாதாவின் ஒரு பத்தி இன்றும் போதும்; அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. அடுப்பு, பில், விலை என்று நம் கையில் வந்து நிற்கும் கேள்விகளுக்கு அந்த வடிவம் போதாது, அதைப் பின்பற்றவும் கூடாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ குழந்தைகளுக்குச் செய்து பார்க்கக் கற்றுக்கொடுக்கிறதே, அந்த வழி பெரியவர்களுக்கும் வேண்டும். அறிவியலில் இதற்கான அடித்தளமாவது இருக்கிறது. பொருளாதாரத்தில் எங்கே முதலீடு செய்வது என்று சொல்லும் தமிழ் நூல்கள் குவிந்திருக்கின்றன. ஒரு தண்ணீர் பில்லைப் பிரித்து, எந்த ரூபாய் எங்கே போகிறது என்று சொல்லும் எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது.