ஆல்கலி லேக்கிலிருந்து எடுத்ததும் விட்டதும்

கனடாவின் பூர்வகுடிகளிடையே நடக்கும் குடிநோய்ச் சிகிச்சையைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் சற்று நேரத்தில் ஆல்கலி லேக் என்ற பெயர் வந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில், வில்லியம்ஸ் லேக் நகருக்குத் தெற்கே உள்ள செக்வெப்பெம்க் மக்களின் சிற்றூர் அது. 1970களின் தொடக்கத்தில் அங்கே குடிக்காத பெரியவர் அநேகமாக இல்லை. போதையில் இருந்த தாயோடு வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஏழு வயது மகள் மறுத்ததால் 1972இல் ஃபிலிஸ் செல்சி குடியை விட்டார். அவரைத் தொடர்ந்து கணவர் ஆண்டியும் விட்டார். 1980களின் நடுவில் ஊரில் 95 விழுக்காட்டினர் குடியை விட்டுவிட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். ஊர் தன்னைப் பற்றித் தானே சொன்ன கணக்கு என்பதால் தாராளமாகவே குறைத்துக்கொள்ளலாம். பாதியாக்கினாலும் வியப்பு மிஞ்சும்.

இந்தக் கதை ஊர் ஊராகப் பரவியபோது அதன் சாரமாகச் சொல்லப்பட்டது ‘பண்பாடே மருந்து’ என்பது. சூடேற்றிய கற்களில் நீர் தெளித்து ஆவியில் அமரும் வேர்வைக் குடில், மேளம், வட்டமாக அமர்ந்து பேசுதல், மூத்தோர் வாக்கு என்று மறந்துபோனவற்றை மீட்டதால் மக்கள் மீண்டார்கள் என்பது அதன் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் நடந்த வரிசையைக் கவனித்தால் பண்பாடு இரண்டாவதாகத்தான் வருகிறது. வேர்வைக் குடிலையும் சடங்குகளையும் கற்றுத்தர வெளியிலிருந்து ஆட்களை அழைக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தது அதிகாரம். ஆண்டி செல்சி ஊர்த்தலைவரானார். அரசு உதவித்தொகையைப் பணமாகக் கொடுப்பதை நிறுத்தி, உணவும் உடையும் மட்டும் வாங்கக்கூடிய சீட்டாகக் கொடுத்தார்கள். கள்ளச்சாராயம் விற்றவர்களைப் போலீசிடம் பிடித்துக் கொடுத்தார்கள்; அவர்களில் உறவுக்காரர்களும் இருந்தார்கள். குடித்துக் குற்றம் செய்தவர்முன் சிகிச்சையா சிறையா என்ற கேள்வியை வைத்தார்கள். இன்னொரு பக்கம், சிகிச்சைக்குப் போனவரின் பிள்ளைகளை ஊர் பார்த்துக்கொண்டது. அவர் திரும்புமுன் வீட்டைப் பழுதுபார்த்து வண்ணமடித்து வைத்தது. வேலையும் தேடி வைத்தது. எந்த மறுவாழ்வு மையமும் இவ்வளவு கடுமையையும் இவ்வளவு பரிவையும் ஒருசேரத் தர முடியாது. என் கணிப்பில் ஆல்கலி லேக்கின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்.

இதே சீட்டையும் சிறையையும் ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி அரசு கொண்டுவந்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஊகிக்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே நடந்ததுதான். கனடாவின் ‘இந்தியன் சட்டம்’ தலைமுறைகளாகப் பூர்வகுடிகளுக்கு மதுவை மறுத்தது. ஒரு வெள்ளையர் செய்தால் குற்றமாகாத ஒன்றை இவர்கள் செய்தால் குற்றமாக்கியது. யெல்லோநைஃப் விடுதியொன்றில் போதையில் கிடந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஜோசப் டிரைபோன்ஸ் வழக்கில்தான், 1969இல், கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. அந்தத் தடையால் யாரும் குடியை விடவில்லை; மறைந்து, அவசரமாகக் குடிக்கத்தான் பழகினார்கள். ஆண்டியின் கெடுபிடி எடுபட்டதற்குக் காரணம், நேற்றுவரை அவரும் கூட இருந்து குடித்தவர் என்பது.

அதற்காகக் கெடுபிடி கெடுபிடி இல்லை என்றாகிவிடாது. சில நூறு பேர் வாழும் ஊரில் வீடு, வேலை, உதவித்தொகை மூன்றும் ஒரே அலுவலகத்தின் கையில் இருக்கும்போது, மறுத்துப் பேச விரும்புகிறவர் எங்கே போவார்? ஆல்கலி லேக்கைப் புகழ்ந்து எழுதப்பட்டவற்றில் இந்தக் கேள்வியை நான் அதிகம் பார்த்ததில்லை. நல்ல தலைவர் கிடைத்த ஊரைக் கொண்டு முறையை எடைபோடுகிறோம். அதே சீட்டுமுறை கெட்ட தலைவரிடம் போனால் என்னாகும் என்று பார்ப்பதில்லை.

ஊர் தெளிந்த பிறகு வெளிவந்தது இன்னும் கனமானது. வில்லியம்ஸ் லேக் அருகே பூர்வகுடிக் குழந்தைகளுக்கென 1981வரை இயங்கிய செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் உறைவிடப் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளையும், அவற்றின் தொடர்ச்சியாக வீடுகளுக்குள் நடந்தவற்றையும் மக்கள் பேசத் தொடங்கினார்கள். குடி அதுவரை அடக்கி வைத்திருந்த வலி அது. குடியை விடப் பன்னிரண்டு படிகளை வகுத்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டம் ஒருவரைத் தன் குடியைப் பற்றிப் பேசவைக்கும். குழந்தையாக இருந்தபோது தனக்கு இழைக்கப்பட்டதற்கு அந்தப் பன்னிரண்டு படிகளில் இடம் குறைவு. உள்ளூர்ச் சேவையின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. கவுன்சலிங் செய்பவர் பாதிக்கப்பட்டவருக்கு அத்தை முறை, குற்றம் செய்தவருக்கு அக்கா முறை என்றால், அந்த அறையில் எதைச் சொல்லிவிட முடியும்? சொந்த ஆள் என்பதால் வரும் நம்பிக்கையே வாயையும் அடைத்துவிடுகிறது. இந்த இடத்தில், யாரையும் தெரியாத வெளியூர் மனநல மருத்துவர் ஒரு வரம்.

இந்த அனுபவத்தில் அரசு எதை எடுத்துக்கொண்டது? 1982இல் பூர்வகுடிகளுக்கான மது, போதைத் தடுப்புத் திட்டம் நிரந்தரமானது. அதன் கீழ் சிகிச்சை மையங்கள் நாடெங்கும் எழுந்தன. குடிலும் வட்டமும் மேளமும் திட்ட அறிக்கைகளில் ஏறின. ஊர்த்தலைமையின் அதிகாரம் ஏறவில்லை. மையத்தில் சில வாரம் தங்கித் தெளிந்தவர், நெரிசலான அதே வீட்டுக்கு, வேலையில்லாத அதே ஊருக்குத் திரும்பினார். உளவியலாளர்கள் மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோபர் லலோண்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிக் குழுக்களில் இளையோர் தற்கொலை ஊருக்கு ஊர் பெரிதும் மாறுபட்டது. தன்னாட்சி, நில உரிமைப் போராட்டம், பள்ளியில் சொந்தப் பிடி, மருத்துவத்தில் சொந்தப் பிடி, காவலிலும் தீயணைப்பிலும் சொந்தப் பிடி, பண்பாட்டுக்கென ஓரிடம் என அவர்கள் ஆறு அடையாளங்களை எண்ணினார்கள். ஆறும் இருந்த ஊர்களில் அந்த ஐந்தாண்டு ஆய்வுக் காலத்தில் ஒரு தற்கொலைகூட இல்லை. ஒன்றால்தான் மற்றொன்று விளைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஆறில் ஒன்றுதான் பண்பாடு. மற்றவை பெரும்பாலும் ஆட்சி.

இன்றைய பெரிய இடர் ஃபென்டனில் என்ற வீரியமிக்க ஓபியாய்டு. பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. 2023இல் அங்கே நச்சுப் போதைப்பொருளால் பூர்வகுடிகள் இறந்த விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆல்கலி லேக் வழிவந்த மரபோ முழுத் தெளிவை மட்டுமே மீட்சியாகக் கொள்கிறது. ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் மருந்துகளான மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ எடுப்பவரை ‘இன்னும் தெளியாதவர்’ என்று பல மையங்கள் நீண்டகாலம் வாசலிலேயே நிறுத்தின. சாராயத்தில் தவறி விழுபவர் பெரும்பாலும் மறுநாள் எழுந்துவிடுவார். சில வாரம் விலகியிருந்து உடல் தாங்குதிறன் இழந்தவர் ஃபென்டனிலில் தவறினால் உயிரே போய்விடும். இந்த வேறுபாட்டைக் காணாத கொள்கை எவ்வளவு தூயதானாலும் ஆபத்தானது.

மரபையும் மருந்தையும் சேர்க்க முடியாது என்பதும் இல்லை. ஒண்டாரியோவின் வடமேற்கில், நார்த் கேரிபூ லேக் என்ற தொலைவூர் புப்ரினார்ஃபின்–நலாக்சோனைத் தன் சொந்தக் குணமாக்கல் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. 140 பேர் தாமாக முன்வந்தார்கள். வயதுவந்தோரில் கணிசமான பங்கு அது. 2015இல் வெளியான ஆய்வின்படி, திட்டம் தொடங்கிய ஓராண்டில் காவல்துறையின் குற்றச்சாட்டுகள் 61 விழுக்காடும் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகள் 58 விழுக்காடும் குறைந்தன. பள்ளி வருகை மூன்றில் ஒரு பங்கு கூடியது. அங்கே மாத்திரையும் மரபும் மோதிக்கொள்ளவில்லை. முடிவு ஊராருடையது என்பதால், மாத்திரை வெளியார் திணித்ததாகவும் படவில்லை.

எஞ்சியிருப்பது பணமும் காலமும். உறைவிடப் பள்ளிகளின் காயத்தை ஆற்றவென்று 1998இல் 35 கோடி டாலரில் பூர்வகுடிக் குணமாக்கல் அறக்கட்டளை தொடங்கியது. அது கொடுத்த நிதியில் ஊர்க்குழுக்கள் தங்கள் ஆட்களையே பயிற்றுவித்து வேலைக்கு வைத்தன. 2010இல் கூட்டாட்சி அரசு நிதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2014இல் அறக்கட்டளையே மூடப்பட்டது. குடியை விட ஆல்கலி லேக்குக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதன் பிறகும் இளையவர்களிடம் குடி எட்டிப் பார்த்தது. உறைவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் 21ஆம் பரிந்துரையில் குணமாக்கல் மையங்களுக்கு நீடித்த நிதி கேட்டது. கேட்டது சரி. ஆனால் அந்த நிதியை எதற்குச் செலவிடுவது என்பதை, மருந்துக்கா வீட்டுக்கா வேலைக்கா என்பதை, யார் முடிவு செய்வார்கள் என்ற கேள்வியை ஒட்டாவா இன்னும் திட்ட விண்ணப்பப் படிவங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது.