நன்றி: கூகுள்

போன வாரம் ஒரு வார இதழில் பள்ளிக்கரணை பற்றிக் கட்டுரை. அருமையான பறவைப் படம், கீழே ‘நன்றி: கூகுள்’. கூகுள் எப்போ கேமராவைத் தூக்கிக்கிட்டு வேளச்சேரி பக்கம் வந்துச்சு?

பிளிக்கரில் 2004-லிருந்தே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் உண்டு. அதில் எளிமையானது கேட்பது பெயரை மட்டும்தான். அதையும் போடுவதில்லை.

படமெடுப்பவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. பயத்தில் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ உரிமத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திருடுபவன் உரிமத்தைப் படிப்பதே இல்லை. படித்து மதிக்கிற விக்கிப்பீடியாவுக்குத்தான் கதவடைப்பு. விக்கிமீடியா காமன்ஸ் அந்த உரிமத்தை ஏற்காது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலத்துக்கு இந்த நிலைமை.

தாம்பரத்திலிருந்து பைக்கில் போய் நான் எடுத்த பூநாரைப் படங்கள் சுமார்தான். காமன்ஸில் ஏற்றிவிட்டேன். தாராளமா எடுத்துக்கோங்க, பேரை மட்டும் போடுங்க.