ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

இன்றைய காரில் என்ஜின் கோளாறு என்றால் ஸ்கேனரைச் செருகினால் போதும், திரையில் ஓர் எண் வந்து நிற்கும். மழை விட்ட மறுநாள் காலடி கார்ப்பெட் சொதசொதவென்று கிடந்தால் எந்த ஸ்கேனரும் வாய் திறக்காது. அங்கே உதவிக்கு வருவது ஒரு மனிதரின் கண்ணும் மூக்கும் விரலும்தான். பழைய காரில் தண்ணீர் ஒழுக்கைக் கண்டுபிடிப்பதை ஒர்க்‌ஷாப் வேலைகளிலேயே உயர்ந்த கலை என்று நான் மதிப்பது அதனால்தான். என்ஜின் இறக்குபவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒழுக்குப் பார்ப்பவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தனியாகக் கிடப்பார். பார்க்கத் தெரிந்தவருக்கு விருந்து அங்கேதான்.

தேர்ந்த கைகாரர் வண்டியைத் தொடும் முன் உரிமையாளரைக் கேட்கிறார். “மழையில ஓட்டினப்ப நனைஞ்சுதா சார், நிறுத்தி வெச்சிருந்தப்பவா? ஏசி போட்டிருந்தீங்களா? வண்டி எந்தப் பக்கம் சரிவா நின்னுச்சு?” ஒவ்வொரு பதிலுக்கும் சந்தேகப் பட்டியலில் பாதி உதிர்கிறது. மழையே இல்லாத மே மாதத்திலும் ஈரம் என்றால் வானத்தைப் பழி சொல்ல முடியாது. நம் பழைய வண்டிகள் பலவற்றில் ஏசியின் கூலிங் காயில் இடப்பக்க டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதில் படியும் நீர் ஒரு சிறு குழாய் வழியாகச் சாலையில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில் சொட்டு விழவில்லை, உள்ளே இடப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் குழாய் அடைத்திருக்கிறது.

அடுத்தது விரல். தொட்ட ஈரம் தெளிவாக, வாசனையின்றி இருந்தால் அது ஏசித் தண்ணீர். வழவழப்பும் தித்திப்பான வாடையும் இருந்து, முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போல மங்கலும் படிந்தால் ஹீட்டர் காயிலிலிருந்து கூலன்ட் கசிகிறது. கூலன்ட் விஷம் என்பதால் சோதனை மூக்கோடு நின்றுவிடும், நாக்கு வரை போகாது. தூசி கலங்கி, மக்கிய இலையின் வாடையோடு வந்தால் மழைநீர். இந்தக் கலையின் முழு அழகும் வெளிப்படுவது இந்த மூன்றாவதில்தான்.

தண்ணீர் நுழைந்த இடத்தில் தங்குவதில்லை. தகட்டின் மடிப்பைப் பிடித்து நடக்கும், வயர் கட்டின் மேல் ஊர்ந்து இறங்கும், கார்ப்பெட்டின் அடிப்பஞ்சில் ஊறிப் பின்சீட்டு வரை போகும். பிரேக் போட்டால் முன்னே, வேகமெடுத்தால் பின்னே. ஆகவே கைகாரர் ஈரத்தை நம்புவதில்லை. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உருவி, வெறும் தகட்டைத் துடைத்துக் காய வைத்த பிறகே அவருக்கு விசாரணை தொடங்குகிறது. துருவின் கோடும் சேற்றின் விளிம்பும் பழைய மழைகளின் தடத்தைக் காட்டும்.

அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத உண்மை ஒன்று உண்டு: தண்ணீர் உள்ளே வரும் என்று ஏற்றுக்கொண்டுதான் காரைக் கட்டியிருக்கிறார்கள். முற்றம் வைத்த வீட்டைப் போல, வரும் மழைக்கு இடம் விட்டு, போகும் வழியையும் வைத்திருக்கிறார்கள். கதவையே பாருங்கள். இறக்கி ஏற்றும் கண்ணாடியின் ஓரமாக மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடியில் உள்ள சிறு துளைகள் அதை வெளியேற்றும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அதைக் கேபினுக்குள் வராமல் திருப்பும். ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருப்பார். துருவுக்கு அஞ்சி அடித்த கோட்டிங் துளையை மூடியிருக்கும். இரண்டுமே நல்லெண்ணத்தில் நடந்தவை. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளமும் அப்படித்தான். வேப்பிலையும் தூங்குமூஞ்சிப் பூவும் அதன் வடிகாலை அடைத்துவிட்டால், தேங்கிய நீர் காற்று இழுக்கும் வாய் வழியாகக் காலடிக்கு வந்துவிடும். மரநிழலில் நிற்கும் வண்டியில் ஒழுக்குக்காரரின் முதல் பார்வை பானெட்டின் பின்விளிம்புக்குப் போவது இதனால்.

முன் கண்ணாடி தனி அத்தியாயம். அம்பாசடரிலும் மாருதி 800-இலும் கண்ணாடியைப் பசையில் ஒட்டவில்லை, ரப்பர் பீடிங்கில் பொருத்தினார்கள். இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. கடைசியாக வந்த வண்டியின் ரப்பரே பத்து வயதைத் தாண்டிவிட்டது. வெயில் அதை இறுக்கி, மூலைகளில் சுருக்கியிருக்கிறது. புதியதை மாட்டும் கையைக் காண்பது ஒரு சுகம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை அணிவித்து, அதன் உட்பள்ளத்தில் கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை நிதானமாக உருவுவார். உருவ உருவ ரப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும்.

தண்ணீர்ச் சோதனையில்தான் கைகாரரும் அவசரக்காரரும் பிரிகிறார்கள். அவசரக்காரர் பிரஷர் பம்பை எடுத்து வண்டி முழுக்க அடிப்பார்; எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாமல் போகும். கைகாரர் ஹோஸை மெல்லத் திறந்து கீழிருந்து தொடங்குகிறார். ஓரிடத்தில் சில நிமிடம், பிறகு ஒரு சாண் மேலே. மேலிருந்து தொடங்கினால் வழிகிற நீர் கீழே உள்ள எல்லா இணைப்பையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், குற்றவாளியைப் பிரிக்க முடியாது. உள்ளே உதவியாளர் டார்ச்சோடு படுத்திருப்பார், மடிப்புகளில் தூவிய சாக்பீஸ் தூளில் முதல் ஈரக்கோடு விழும்போது, “நிறுத்துங்கண்ணே!” என்று குரல் வரும். கதவு ரப்பருக்குத் தண்ணீரே வேண்டாம். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பார்; இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பில்லை.

இந்தக் கலைக்குப் பகை சிலிக்கான் டியூப். எங்கே என்று தெரியாதவர் எல்லா இடத்திலும் பூசுவார். போகும் வழியும் சேர்ந்து அடைபட, உள்ளே சிறைப்பட்ட நீர் தகட்டைத் தின்னும். அடுத்து வருபவருக்குத் தடயமும் அழிந்திருக்கும். தெரிந்தவரின் கையில் வேலை பெரும்பாலும் திறந்துவிடுவதுதான்: ஒரு கம்பி, ஒரு பிடி இலைக் குப்பை, தேவையென்றால் ஒரு ரப்பர்.

ஆளை எடைபோட எளிய வழி ஒன்று சொல்கிறேன். ஓட்டையைச் சரிசெய்த பிறகு, கார்ப்பெட்டை விரிக்கும் முன், அதே இடத்தில் மறுபடி தண்ணீர் விட்டு, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று உங்களைக் குனிந்து பார்க்கச் சொல்கிறாரா? சொன்னால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ‘அடுத்த மழையில பாத்துக்கலாம் சார்’ என்று கார்ப்பெட்டை விரிப்பவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.