தோற்றப்பாட்டியலும் தன்வேதனைக் காட்சியும்

மேனாட்டு மெய்ப்பொருளாராய்ச்சியில் ‘பினாமினாலஜி’ என வழங்கும் நெறியைத் தமிழில் தோற்றப்பாட்டியல் எனப் பெயர்த்து வழங்குவர். இந்நெறியைக் குறித்துச் சைவருள் இருவகைக் கூற்று எழுவது உண்டு. கலாசாலைகளில் தத்துவம் பயின்றோருட் சிலர், ‘இது மெய்கண்டார் முன்னரே மொழிந்ததன்றி வேறன்று’ என மகிழ்வர். மடங்களில் நூல் கேட்டோருட் சிலர், ‘தோற்றமே பொருள் என்னும் இது மாயாவாதத்தின் மறுபிறப்பு’ என ஒதுக்குவர். இவ்விரண்டும் பொருந்தா. முன்னவர் சித்தாந்தத்திற்கு உயிர்நிலையான கொள்கையொன்றைத் தாம் அறியாமலே விட்டுக்கொடுக்கின்றனர். பின்னவர் கைக்கு எட்டிய நல்ல கருவியொன்றைப் பெயர் நோக்கி எறிந்துவிடுகின்றனர்.

பின்னவர் மயக்கம் சொல்லால் வந்தது. உலகின் முத்தொழிலைப் பேசுமிடத்துத் தோற்றம் என்பது உற்பத்தி; கயிற்றரவு பேசுமிடத்து அது பொய்த்தோற்றம். இவ்விரு பொருளும் ஈண்டைக்கு ஆகா. ஒரு பொருள் உணர்வார்க்கு எவ்வாறு விளங்குகின்றதோ, அவ்விளக்கமே இந்நெறியார் தோற்றப்பாடு என்பது. இதனை வகுத்த எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் 1859-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். முதலிற் கணிதம் பயின்றவர். அவருடைய ‘தருக்க ஆராய்ச்சிகள்’ 1900, 1901 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதியாய் வெளிவந்தது. 1913-இல் வந்த நூலிலே, உலகம் உள்ளது என்னும் இயல்பான துணிபைச் சிறிது நிறுத்திவைத்து, உணர்விற்கு அஃது எங்ஙனம் புலனாகின்றது என்பதை மட்டும் நோக்குக என்றார். நிறுத்திவைத்தல் மறுத்தல் அன்று. வழக்காராயும் நடுவர் ஒருவர் கூற்றை மெய்யென்றும் பொய்யென்றும் கூறாது வைத்து, அவர் கூறியது யாது என முதலில் தெளிதல் போல்வது அது. எனவே உலகினை மித்தை என்பாரோடு இவரை ஓரணியில் நிறுத்துதல் முறையன்று.

அவர் மறைந்த ஆண்டிலே, யூத மரபினராதலின் அவர்தம் எழுத்துக்கள் நாஜியர் ஆட்சியில் அழிவுறுமோ என அஞ்சப்பட்டது. பெல்சிய நாட்டுப் பாதிரியார் வான் பிரேடா என்பார், சுருக்கெழுத்தில் அமைந்த ஏறத்தாழ 40,000 பக்கங்களை லூவேன் நகருக்குக் கொணர்ந்து காத்தார். ஏடு காத்தாரின் அருமை தமிழர்க்குப் புதிதன்று.

இந்நெறி செய்வது யாது என்பதற்கு நாஞ்சில் நாட்டார் நன்கறிந்த பொருளொன்றையே காட்டலாம். நாகர்கோயில் வடசேரியில் ஆசாரிமார் செய்யும் கோயில் நகை சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்தது. அதனைக் கையிலெடுப்போன் கண்ணுக்குப் புலனாவது ஒரு முகமே, பின்புறம் புலனாவதில்லை. ஆயினும் அவன் கண்டது ‘நகையின் ஒரு முகம்’ என்னாது ‘நகை’ என்றே கொள்கின்றான். திருப்பிப் பார்க்குந்தோறும் புதிய முகம் தோன்ற, முன்னையது மறைய, நகை ஒன்றே என்னும் உணர்வு நிலைபெறுகின்றது. காணாத முகங்களும் கண்ட முகத்தோடு உடன் குறிக்கப்பட்டு நிற்றலே இதற்குக் காரணம் என்பர் தோற்றப்பாட்டியலார். நிருவிகற்பம், சவிகற்பம் எனக் காட்சியைப் பகுத்தாராயும் சிவஞானசித்தியார் அளவையியலைக் கற்றார்க்கு இவ்வாராய்ச்சி அயலானதாய்த் தோன்றாது.

இனி, உணர்வு என்பது எஞ்ஞான்றும் ஒன்றனைப் பற்றிய உணர்வே என்பது இவர்தம் முதற்கொள்கை. இஃது ஹுஸ்ஸெர்லின் ஆசிரியராகிய பிரெந்தானோ 1874-இல் எடுத்துரைத்தது. ஐரோப்பிய இடைக்காலச் சமயவாணரிடமிருந்து அவர் பெற்றது. இதனை நோக்குடைமை எனலாம். இக்கொள்கையை இந்திய தரிசனங்களோடு வைத்து ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர், கட்டாக்கில் 1928-இல் பிறந்து 2023-இல் மறைந்த ஜிதேந்திரநாத் மொஹந்தி. கெட்டிங்கனிற் பயின்று, ஹுஸ்ஸெர்லின் பொருட்கொள்கையைப் பற்றி 1964-இலும், நவ்விய நியாயத்துக் கங்கேசரைப் பற்றி 1966-இலும் நூல் வெளியிட்டவர் அவர். ஒரு கையில் ஜெர்மானிய நூலும் மறுகையில் தத்துவசிந்தாமணியும் கொண்டு, இரண்டினையும் உரிய மொழியிலே கற்றுப் பேசியவர் ஆதலின், ஒப்புமை கண்டவுடன் துள்ளும் எளிய ஆராய்ச்சியாளரோடு அவரை வைத்தெண்ணலாகாது. நியாயத்தார்க்கு அறிவு விடயத்தை நோக்கியது, ஆயின் தானே விளங்குவதன்று. அத்துவைத வேதாந்தியார்க்கு அறிவு தானே விளங்குவது, ஆயின் விடயத்தை நோக்குவதன்று என அவர் பகுத்துக் காட்டியமை மிக நுட்பம் வாய்ந்தது.

அப்பகுப்பு நிரம்பியதோ எனின், அன்று. மெய்கண்ட சாத்திரங்களை உடன்வைத்து நோக்குவார்க்கு இரண்டிலும் அடங்காத நிலையொன்று புலனாகும். சித்தாந்தத்தில் ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. படிகம் அடுத்த நிறத்தைத் தன்மேற் காட்டுதல் போல, ஆன்மா எதனை அறிகின்றதோ அதன்கண் அழுந்தி அதுவதுவாய் நிற்கும். நோக்குடைமையில் நோக்குவோன் ஒரு முனையிலும் நோக்கப்படுவது மறுமுனையிலும் நிற்பன. அழுந்துதலிலோ நோக்குவோன் தன்னையே மறக்கின்றான். மேனாட்டார்க்கு இஃது உணர்வின் இலக்கணம் மட்டுமே. சைவர்க்கோ கட்டும் வீடும் இதிலே உள்ளன. என்னை? பாசத்தைச் சார்ந்தவிடத்துக் கட்டாவதும், பதியைச் சார்ந்தவிடத்து வீடாவதும் இவ்வொரு தன்மையே ஆகலின்.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. முன்னவர் விட்டுக்கொடுத்தது அதுவே. ஹுஸ்ஸெர்ல் தம் பிற்கால நூல்களில், பொருள்கள் இன்னவெனப் பொருள்படுவது தூய அகத்தினாலேயே அமைவுறுகின்றது என்றார். படைக்கப்படுகின்றது என்றாரல்லர், அவ்வாறு கூறி அவரை மறுப்பது எளிது, நேர்மையன்று. அகத்தின் முயற்சியின்றித் தானே அமையும் அடித்தளமும் உண்டு என 1920-களின் விரிவுரைகளில் அவர் விரித்ததும் உண்டு. ஆயினும் விளக்கத்திற்குக் கடைசி நிலைக்களம் அகமே என்பதினின்று அவர் வழுவவில்லை. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரமோ உயிருண்மைக்குக் கூறும் ஏதுக்களுள் ஒன்றாக, உணர்த்த உணர்தலை வைக்கின்றது. பதினொன்றாஞ் சூத்திரம், கண்ணுக்குக் காட்டி உடன்நின்று காணும் உயிரை உவமையாக்கி, உயிர்க்குக் காட்டியும் கண்டும் உபகரிக்கும் முதல்வனை நிறுவுகின்றது. கண் ஒளியுடையதே, ஆயினும் உயிரின்றிக் காணாது. உயிர் அறிவுடையதே, ஆயினும் உணர்த்துவாரின்றி உணராது. தூய அகத்தை ஆன்மா எனப் பெயர்த்துக்கொள்வார், இவ்வுபகாரம் இரண்டனையும் ஒரு சொல்லால் துடைத்துவிடுகின்றனர் என்க.

மூன்றாஞ் சூத்திரத்தின் மற்றோர் ஏதுவை இந்நெறியாரே எதிர்த்து நிற்பர். ‘எனது உடல்’ என்னும் வழக்கினால் உடலின் வேறாய் ஒருவன் உளன் என்பது அவ்வேது. பிரெஞ்சு அறிஞர் மெர்லோ-போந்தி 1945-இல் எழுதிய நூலில், ஒருவன் வீட்டையும் ஆடையையும் உடைமையாகக் கொள்ளுமாறு உடலைக் கொள்வதில்லை. உடலாகவே அவன் உலகில் வாழ்கின்றான் என்பது வற்புறுத்தப்படுகின்றது. இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. வீடும் உடலும் ஒரு தன்மையன அல்ல என்பது உண்மையே. ஆயின் சித்தாந்தம் அதனை மறந்ததா? இறைவனும் உயிரும் அத்துவிதமாய் நிற்றற்கு அது காட்டும் உவமையே உடலும் உயிரும் கலந்து நிற்றல். ‘எனது’ என்பது வேறாதலையும், பிரித்துக் காணவியலாத கலப்பு ஒன்றாதலையும் காட்ட, இரண்டும் ஒருங்கே கொள்ளப்பட்டன. மெர்லோ-போந்தி கண்டது கலப்பின் ஆழம். அதனை அவர் சொற்றிறத்தோடு விரித்தது போல விரித்துரைத்த பகுதி சைவ உரைகளில் அரிதே. அவ்வளவில் அவரிடம் கற்கத்தக்கது உண்டு.

இனி, ஆணவத்தைப் பற்றிய வினா. இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது திருவருட்பயனின் துணிபு. தோன்றுவதை உள்ளவாறு உரைப்பதே முறையாயின், தோன்றாமையே இயல்பாக உடைய ஒன்றை அம்முறை எங்ஙனம் எய்தும்? வடசேரி நகையையே மீண்டும் நோக்குக. வெள்ளியின்மேற் பொன்தகடு போர்த்தது அது. காண்பான் கண்ணுக்கு மேலே உள்ளது ‘போர்வை’ எனத் தோன்றுவதில்லை. பொன் எனவே தோன்றுகின்றது. மறைத்தலும் மறைக்கப்பட்டது. (செம்பிற் களிம்பே நூல்வழக்கான உவமை, பொன்தகடு மறைப்பு ஒன்றிற்கே ஒக்கும், தரத்திற்கு அன்று.) ஹைடெக்கர் 1927-இல் வெளியிட்ட ‘இருப்பும் காலமும்’ என்னும் நூலில், முதலில் தோன்றாது மறைந்து நிற்பதை வெளிப்படுத்தற்கே இந்நெறி வேண்டப்படுகின்றது என விடையிறுப்பார். நன்று, ஆயின் மறைந்தது ஒன்று உண்டு என்னும் ஐயமே எழாதவன் எதனைத் தேடுவான்? தட்டானிடம் உசாவியறிதலும் உரைகல்லில் தேய்த்தறிதலும் காட்சியின் வேறாயவை. அவ்வாறே மலத்துண்மை உயிரின் அறியாமையைக் கொண்டு கருதலாலும், ஆகமமாகிய உரையாலும் பெறப்படுவது.

இதனால் இந்நெறிக்குரிய இடம் தெளிவாகும். சித்தியார் அளவையைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக்கி, காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக்கும். அராகம் முதலிய தத்துவங்களின் வழியே இன்பதுன்பங்களை ஆன்மா நுகர்ந்தறிவது தன்வேதனை. தோற்றப்பாட்டியல் முதல் மூன்று காட்சிகளையும், சிறப்பாகத் தன்வேதனையையும், நுணுகி ஆராயும் நூல். அதற்குமேல் அதனிடம் கேட்பதும், அதற்குக் கீழாக அதனை வைப்பதும் தகா.

இக்காலத்து ஆராய்ச்சியில் இந்நெறியின் பெயர் பெருகிவிட்டது. நோயாளரிடமும் செவிலியரிடமும் சில வினா வினவி, விடைகளைத் தொகுத்துத் தலைப்பிட்டு அதனையே தோற்றப்பாட்டியல் ஆய்வு என்பாரும் உளர். இது பெயரளவினதே. வரேலா என்பார் 1996-இல் தொடங்கிய முயற்சி அத்தகையதன்று. மூளையின் நிகழ்ச்சிகளைக் கருவிகளால் அளப்பதோடு, அந்நிகழ்ச்சிகாலத்து அநுபவத்தைப் பயிற்சியுடையார் வாயிலாக ஒழுங்குபெறக் கேட்டறிதலும் வேண்டும் என்றார் அவர். பௌத்தரின் தியானப் பயிற்சி அவ்வாராய்ச்சிக்குத் துணையாகக் கொள்ளப்பட்டது. ஐந்தவத்தைகளை எண்ணி வகுத்த சைவர் நூல்கள் அவ்வவையில் இன்னும் போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. அயல்நூல் கற்றல் சைவர்க்குப் புதிதும் அன்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த காலத்தே, திருவனந்தபுரம் கலாசாலையில் மேனாட்டுத் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளிடம் உபதேசம் பெற்றவர். அவர் 1897-இல் மறைந்தார். ஹுஸ்ஸெர்லின் முதற்பெருநூல் வந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து.

சைவர் எடுத்துரைக்கத்தக்கவற்றுள் முதலில் வைக்கத்தக்கது உறக்கமே. பிறப்பு, இறப்பு, கனவற்ற உறக்கம் ஆகியவற்றை ஹுஸ்ஸெர்ல் தம் நெறியின் எல்லைச் சிக்கல்களாகக் கண்டு எழுதிவைத்த குறிப்புக்கள் இந்நூற்றாண்டிலேதான் தொகுக்கப்பெற்று அச்சேறின. எதுவும் தோன்றாத நிலையைத் தோற்றம் பற்றிய நூல் யாங்ஙனம் உரைக்கும் என்பதே அவரது இடர். சித்தாந்தம் நனவிற் கருவி 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படங்கலில் 1 என எண்ணும். உறக்கத்தில் எஞ்சும் மூன்று, சித்தமும் பிராணனும் புருடனுமாம். மூச்சு இயங்கவும் உண்டலும் தொழிலும் இன்மையின் பிராணன் ஆன்மா அன்று என விலக்கப்பட்டது. விழித்தவன் தன்னைத் தொடர்ந்தறிதற்குச் சித்தம் எஞ்சிற்று எனக் கொள்ளவும் இடமுண்டு. இவ்வெண்ணிக்கையில் எவ்வளவு தன்வேதனையாற் கண்டது, எவ்வளவு கருதலாற் பெற்றது, எவ்வளவு ஆகமத்தால் ஏற்றது என, சிவஞான முனிவர் மாபாடியத்தின் நான்காஞ் சூத்திரப் பகுதியை வரிவரியாக வைத்துப் பிரித்துக் காட்டும் வேலை செய்யத்தக்கதாய் நிற்கின்றது.