மானியம் எந்தக் கூரைக்கு?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரைமேல் சூரிய மின்தகடுகளை ஏற்ற முனைகிறது. மதிப்பீடு 75,021 கோடி ரூபாய். மானியத்துக்கான தகுதிகள் எளியவை: சொந்த வீடு, தகடு பொருத்த ஏற்ற கூரை, முறையான மின் இணைப்பு, முன்பு இதற்கென மானியம் பெறாமை. வருமான வரம்பு கிடையாது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. இந்த உச்சவரம்பு நல்ல ஏற்பாடு. இல்லையேல் மாளிகைகளே மானியத்தை விழுங்கியிருக்கும்.

இத்தகுதிகளை முள்ளிப்பட்டு, ஆரணிப் பகுதிப் பட்டு நெசவாளரின் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

தகட்டில் பொறித்துள்ள 1 கிலோவாட் என்பது ஆய்வுக்கூட அளவு. அங்கே ஒளி சதுர மீட்டருக்கு 1,000 வாட். மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி. நம் சித்திரை வெயிலில் மின்கலம் 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் குறைவதால் 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு. வெயில் சுட்டெரித்தால் மின்சாரம் பெருகும் என்று எண்ணும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேண்டியது ஒளி, வெப்பம் அன்று. ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் கிடைக்கும் எனக் கொள்ளலாம்.

வீட்டில் கைத்தறி வைத்திருக்கும் நெசவாளருக்குத் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமாக அளிக்கிறது (2023 வரை 200). கைத்தறியை ஓட்டுவது கையும் காலும்தான். மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்கும். செலவு 250 யூனிட் என்றால் கட்டணம் ஏற்கெனவே பூஜ்யம்! மத்திய அரசின் அடிப்படை விலைப்படி 1 கிலோவாட் அமைப்புக்கு 50,000 ரூபாய். மானியம் போக 20,000 ரூபாயைக் கடன் வாங்கித் தவணை கட்டி அவர் எதை மிச்சப்படுத்துவார்? மாடிவீட்டில் 600 யூனிட் செலவிடுபவருக்கோ, உயர்ந்த கட்டணப் படியிலுள்ள யூனிட்டுகளே முதலில் குறையும். வரம்பில்லாத தகுதி அவருக்குத்தான் சாதகம்.

நெசவாளர் கூரையில் விளையும் 240 யூனிட்டும் வீண்போவதில்லை. இலவச மின்சாரத்துக்கான பணத்தை மாநில அரசே மின் பகிர்மானக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது. ஆகவே ஆதாயம் கஜானாவுக்கு, கடன் நெசவாளருக்கு! யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,440 யூனிட்டில் 7,200 ரூபாய் மிச்சம். அந்த 20,000 ரூபாயை மாநில அரசே கொடுத்தால் மூன்றாண்டுக்குள் மீட்டுவிடலாம். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். உத்தரப் பிரதேச அரசு மத்திய மானியத்தின்மேல் கிலோவாட்டுக்கு 15,000 ரூபாய் கூடுதலாக அறிவித்தது, உச்சம் 30,000. நம்மால் ஏன் இயலாது?

வாடகை வீட்டில் நெய்பவருக்கு இக்கணக்கும் உதவாது, கூரை அவருடையதன்று. அவருக்காக நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் மேல் தகடுகளை நிறுவி, யூனிட்டுகளை உறுப்பினர் கணக்கில் பகிர்ந்து வரவு வைக்கலாம். அதற்குத் தகுதி விதியில் ‘கூரையின் உரிமையாளர்’ என்பதோடு ‘மின் இணைப்பில் குடியிருப்பவர்’ என்பதையும் சேர்க்க வேண்டும்.