வீட்டில் மிஞ்சிய பிள்ளை

ஜப்பானிய நோ நாடக மரபில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நடந்த வாக்குவாதம் பதிவாகியிருக்கிறது. மகன் மொதொமசா எழுதிய நாடகம் 'சுமிதாகவா'. ஆள்பிடிப்பவன் கொண்டுபோன பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேடி ஒரு தாய் கியோத்தோவிலிருந்து கிழக்கே வருகிறாள். சுமிதா ஆற்றைக் கடக்கும்போது, போன வருடம் இதே நாளில் இந்தக் கரையில் நோயில் விழுந்து செத்துப்போன ஒரு சிறுவனைப் பற்றிப் படகோட்டி சொல்கிறான். அது தன் பிள்ளைதான் என்று அவளுக்குப் படகிலேயே விளங்கிவிடுகிறது. அக்கரையில் அவனைப் புதைத்த மேட்டின் முன் அவள் வேண்டி அழும்போது சிறுவனின் ஆவி வெளியே வருகிறது. இந்த இடத்தில்தான் தகராறு. மேடையில் சிறுவனைக் காட்ட வேண்டாம், காட்டாவிட்டால்தான் நன்றாக இருக்கும் என்றார் தந்தை ஸெயாமி. காட்டாமல் என்னால் செய்ய முடியாது என்றார் மகன். ஸெயாமியின் கலைப் பேச்சுகளைத் தொகுத்த 1430ஆம் ஆண்டு நூலில் இது இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் மொதொமசா இறந்துபோனார். மகனுக்காக ஸெயாமி எழுதிய இரங்கல் உரையும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பிள்ளையைத் தேடிப் பித்தாகி அலையும் தாயின் கதை நோ மரபில் 'சுமிதாகவா'வோடு தொடங்கவில்லை. ஸெயாமியே 'சகுராகவா' எழுதியிருக்கிறார். அதில் தாயும் பிள்ளையும் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வகை நாடகங்களின் வழக்கமான முடிவு அதுதான். மொதொமசா அந்த வழக்கத்தை உடைத்தார். ஆனால் முழுக்க உடைக்க மனம் வராமல் ஆவியை மேடையேற்றினார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நாவலாசிரியர்களுக்கும் அதே தயக்கம் இருந்தது.

நம்மிடமும் ஒரு கதை உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தில் சொல்வது. சுந்தரர் அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. முன்பொரு நாள் ஒன்றாகக் குளிக்கப்போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பித்தவனுக்கு இன்று பூணூல். இருந்திருந்தால் தங்கள் மகனுக்கும் இந்த வயதுதானே என்று எதிர்வீட்டுப் பெற்றோர் அழுகிறார்கள். சுந்தரர் வந்திருப்பது தெரிந்ததும் கண்ணீரை மறைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வந்து வணங்குகிறார்கள். அவர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது. இடையில் கழிந்த ஆண்டுகளுக்கு உரிய வளர்ச்சியோடு விடுகிறது. பிள்ளையை மட்டும் திருப்பித் தந்தால் போதாது, போன வருடங்களையும் சேர்த்துத் தந்தால்தான் அந்த வீட்டுக்கு ஈடாகும் என்பது சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கதையில் தப்பித்த சிறுவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நண்பனை முதலை இழுத்துப்போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். அவன் வளர்வதே எதிர்வீட்டுக்கு வேதனையாகிறது. குழந்தை காணாமல்போன குடும்பத்தைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த முக்கியமான நாவல்களை வரிசையாகப் படிக்கும்போது எனக்கு அவன் நினைவாகவே இருந்தது. தொலைந்த பிள்ளைக்கு என்ன ஆனது என்ற கேள்வி கதையை நடத்திச் செல்லும். ஆனால் ஒரு நாவல் எவ்வளவு ஆழம் போகிறது என்பது, வீட்டில் மிஞ்சிய பிள்ளையை அது எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த வரிசையில் பலரும் முதலில் சொல்வது இயான் மக்யூவனின் 'த சைல்ட் இன் டைம்' நாவலை. 1987இல் வெளிவந்து, அதே ஆண்டு விட்பிரெட் நாவல் பரிசைப் பெற்றது. ஸ்டீபன் லூயிஸ் சிறுவர் நூல்கள் எழுதுபவன். ஒரு சனிக்கிழமை காலை, மனைவி ஜூலி தூங்கட்டும் என்று மூன்று வயது மகள் கேட்டை மட்டும் லண்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போகிறான். பில் போடும் இடத்தில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கையில் குழந்தை இல்லை. மக்யூவன் அந்தச் சில நிமிடங்களை எழுதியிருக்கும் விதத்துக்காகவே நாவலைப் படிக்கலாம். குழந்தையைக் காணோம் என்றதும் கடையில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் எல்லாம் ஒரு கூட்டமாகத் திரண்டு தேடுகிறார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். ஸ்டீபனும் போக வேண்டியிருக்கிறது, மேலே படுத்திருக்கும் மனைவியிடம் சொல்ல.

அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் பிரிவதை மக்யூவன் பழி சுமத்தாமல் எழுதுகிறார். அவன் படத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டுகிறான். அவள் அசையாமல் வீட்டில் இருக்கிறாள். அவன் ஓட்டம் அவளுக்குத் தப்பித்தலாகத் தெரிகிறது, அவள் அசையாமை அவனுக்குத் தோல்வியாகத் தெரிகிறது. இருவரும் துக்கத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் துக்கம் மற்றவருக்குப் புரியாத பாஷை. மகள் பிறந்தநாளுக்கு அவன் பொம்மைக்கடைக்குப் போய் வாங்கிக் குவிக்கும் பகுதி இதன் உச்சம். காணாமல்போன குழந்தைக்கு இப்போது என்ன வயது, இந்த வயதில் எதை விரும்புவாள் என்று ஒரு தகப்பன் கணக்குப் போடுகிறான். முதலை வயிற்றுக்குள் பிள்ளையை வளர வைத்த சேக்கிழாரின் கணக்குதான் இது. இங்கே பதிகம் பாட ஆளில்லை.

குழந்தை வளர்ப்பு பற்றிய அரசுக் குழு ஒன்றில் ஸ்டீபனை உட்கார வைத்ததும், ஒவ்வோர் அத்தியாயத் தலைப்பிலும் கண்டிப்பை வலியுறுத்தும் அரசுக் கையேட்டின் பகுதிகளை வைத்ததும் தாட்சர் காலத்து இங்கிலாந்தின் மீதான கோபம். கோபம் நியாயமானது, ஆனால் குடும்பத்தின் கதைக்கு அது பெரிதாக உதவவில்லை. முடிவைப் பற்றித்தான் இன்றும் விவாதம். கணவனும் மனைவியும் மீண்டும் சேர்ந்து, இன்னொரு குழந்தை பிறக்கிறது. ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தப் பிரசவத்துக்கு முன் இருவரும் கேட்டுக்காக முதன்முறையாகச் சேர்ந்து அழுகிறார்கள். பிரிந்திருந்த துக்கங்கள் ஒன்றானபின்தான் மக்யூவன் அடுத்த குழந்தையை உலகுக்குள் விடுகிறார். என் குறை வேறு: கேட் ஒற்றைப் பிள்ளை. அந்த வீட்டில் நாளை காலை எழுந்து பள்ளிக்குப் போக வேண்டிய இன்னொரு பிள்ளை இல்லை. அதனால்தான் பெற்றோர் இருவரும் துக்கத்துக்குள் முழுசாக மூழ்க முடிகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த வசதி கிடையாது. யாராவது எழுந்து டிபன் கட்ட வேண்டும்.

ஜாக்குலின் மிட்சர்டின் 'த டீப் எண்ட் ஆஃப் தி ஓஷன்' 1996இல் வந்தது. ஓப்ரா வின்ஃப்ரே தன் புத்தகக் குழுவுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த நாவல் என்பதால் லட்சக்கணக்கில் விற்றது. அதனாலேயே இலக்கியவாதிகள் பலர் இதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிகாகோவில் பள்ளித் தோழர்கள் கூடும் விழாவுக்கு பெத் தன் பிள்ளைகளோடு போகிறாள். ஓட்டலின் முன்கூடத்தில், மூன்று வயது பென்னைப் பார்த்துக்கொள் என்று ஏழு வயது வின்சென்டிடம் சொல்லிவிட்டு அறைக்குப் பதிவு செய்யப் போகிறாள். திரும்பும்போது பென் இல்லை. ஒன்பது வருடங்கள் கழித்து, புல் வெட்டித் தரட்டுமா என்று கேட்டு ஒரு பையன் வாசலில் வந்து நிற்கிறான். பென்தான் அது. இரண்டு தெரு தள்ளி, சாம் என்ற பெயரில், தன்னை மகனாகவே நம்பி வளர்த்த ஒரு நல்ல மனிதரின் வீட்டில் வளர்ந்திருக்கிறான்.

முதலை பிள்ளையைத் திருப்பித் தந்துவிட்டது, ஆனால் வருடங்கள் வேறு வீட்டுக்குச் சொந்தம். தன்னைப் பெற்றவர்களின் வீட்டில் அந்தப் பையன் ஒரு விருந்தாளிபோல மரியாதையாக நடந்துகொள்கிறான். அந்த மரியாதையைத்தான் பெத்தால் தாங்க முடியவில்லை. நாவலின் மொழி சில இடங்களில் தளர்வானது. ஆனால் வின்சென்ட் வரும் பகுதிகள் எனக்கு இந்த வரிசையிலேயே மிக வேண்டியவை. தம்பியின் கையை விட்டது அவன். தொலைந்து போ என்று எரிச்சலில் சொன்னதும் அவன்தான். எல்லா அண்ணன்களும் எல்லாத் தம்பிகளிடமும் தினமும் சொல்வது. அவனுக்கு மட்டும் அது பலித்துவிட்டது. தாய் தன் புகைப்படத் தொழிலையும் பிள்ளைகளையும் கைவிட்டுப் படுக்கையில் கிடந்த வருடங்களில் கைக்குழந்தைத் தங்கையை அவன் பார்த்துக்கொள்கிறான். பிறகு கெட்டுப்போகிறான். தம்பி கிடைத்த பிறகும் அவன் குற்றம் தீரவில்லை. அதை மன்னிக்கத் தம்பிக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லையே.

ஆலிஸ் சீபோல்டின் 'த லவ்லி போன்ஸ்' (2002) மொதொமசாவின் பக்கம். கொலையுண்ட சூஸி சொர்க்கத்திலிருந்து தானே கதை சொல்கிறாள். வாசகருக்கு ஆவி முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடுவதால் குடும்பத்தின் அறியாமையை நாம் பகிர்ந்துகொள்ள முடிவதில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது நமக்கு எல்லாம் தெரியும். அந்த ஆறுதல்தான் நாவலைப் பிரபலமாக்கியது, அதுவே பலவீனமும். கொலைகாரன் வீட்டுக்குள் துணிந்து நுழையும் தங்கை லின்ட்சியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ஸ்டூவர்ட் ஓ'நானின் 'சாங்ஸ் ஃபார் த மிஸ்ஸிங்' (2008) நேர்மாறானது. ஒஹையோவின் சிற்றூரில் பதினெட்டு வயது மகள் காணாமல்போனபின் ஒரு குடும்பம் செய்ய வேண்டிய வேலைகளை, சுவரொட்டி, தொலைக்காட்சிப் பேட்டி, தன்னார்வலர்களுக்குச் சாப்பாடு என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறது. மெதுவாகத்தான் நகரும். துக்கம் ஒரு வேலை என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய நாவல் எனக்குத் தெரியாது.

வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், இத்தகைய இழப்பின் தனிக்கொடுமையை விளக்கியிருக்கிறார். உடல் இல்லை, அதனால் சடங்கு இல்லை. ஊருக்கும் என்ன சொல்லி ஆறுதல் கூறுவது என்று தெரிவதில்லை. படம் மாட்டி மாலை போட்டால் கொன்றுவிட்டதாகிவிடும், போடாவிட்டால் எத்தனை வருடத்துக்கு?

ஜான் மெக்ரெகரின் 'ரிசர்வாயர் 13' (2017) இந்தக் கேள்வியைக் குடும்பத்தின் கையிலிருந்து எடுத்து ஒரு கிராமத்தின் கையில் கொடுக்கிறது. இங்கிலாந்தின் மலைப்பகுதி ஊர் ஒன்றுக்குப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்த பதிமூன்று வயதுப் பெண் காணாமல்போகிறாள். பதிமூன்று அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு வருடம். நரி குட்டி போடுகிறது, பக்கத்து ஊரோடு கிரிக்கெட் ஆடித் தோற்கிறார்கள், யாருக்கோ விவாகரத்து. எல்லாம் ஒரே தொனியில், ஒரே பத்தியில். இடையிடையே அவள் பெயரும் வயதும் உடுத்தியிருந்த உடையும் போலீஸ் அறிவிப்புபோலத் திரும்ப வருகின்றன. அவளோடு பழகிய ஊர்ப்பிள்ளைகள் வளர்கிறார்கள், காதலிக்கிறார்கள், வெளியூர் போகிறார்கள். அவளுக்கு மட்டும் வயது ஏறுவதே இல்லை. அவள் கிடைப்பதும் இல்லை. ஸெயாமி விரும்பிய நாவல் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டின் கோஸ்டா நாவல் பரிசு இதற்குக் கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: துப்பறியும் கதையாக நினைத்து எடுப்பவர்கள் ஐம்பதாம் பக்கத்தில் கோபப்படுவார்கள். அதைத் தாண்டிப் படிக்க வேண்டும்.

பிள்ளையைக் கொண்டுபோனது அரசாக இருந்தால் கேள்விகள் மாறிவிடுகின்றன. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச்சில், நெருக்கடி நிலைக் காலத்தில், போலீஸ் பிடியில் மறைந்தார். தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கின் விளைவாக 1977இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. வாரியரின் நினைவுக்குறிப்புகளும், அந்த நிகழ்வை நினைவூட்டும் ஷாஜி என். கருணின் 'பிறவி' படமும் நாவல்கள் அல்ல, ஆனால் இந்த ஆய்வில் அவற்றை விட முடியாது. 'பிறவி'யில் பிரேம்ஜி நடித்த கிழவர் மகனுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நம் 'வீடு' படத்தின் அர்ச்சனா நடித்த சகோதரியைப் பாருங்கள். நகரத்துக்குப் போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வருபவள் அவள். தகப்பனிடம் அதைச் சொல்ல முடியாமல் சோறு போடுபவளும் அவள்தான்.

இலங்கையின் வடக்கில் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரின் தொடர் போராட்டத்துக்கு முன்கதை, 1984இல் யாழ்ப்பாணத்தில் உருவான அன்னையர் முன்னணி. வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' (2023) அந்த யாழ்ப்பாணத்தை ஒரு சகோதரியின் குரலில் சொல்கிறது. சகோதரர்களை ஒவ்வொருவராக இழக்கும் சசி, இழந்துகொண்டே மருத்துவம் படிக்கிறாள். 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்ற இந்த நாவல் தாயை மையத்தில் வைத்திருந்தால் வேறொரு நாவலாகியிருக்கும். கதை சசியிடம் இருப்பதால்தான் கண்ணீரோடு கோபமும் வாதமும் அதில் இருக்கின்றன.

கடைசியாகத் தீபா அனப்பாராவின் 'ஜின் பட்ரோல் ஆன் த பர்ப்பிள் லைன்' (2020). கேரளத்தில் பிறந்து, மும்பையிலும் டெல்லியிலும் நிருபராக இருந்தவர். பெயர் சொல்லப்படாத வட இந்திய நகரத்தின் குடிசைப்பகுதியில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல்போகிறார்கள். டிவியில் போலீஸ் தொடர் பார்த்து வளரும் ஒன்பது வயது ஜெய், பரி, ஃபைஸ் என்ற இரண்டு நண்பர்களோடு துப்பறியக் கிளம்புகிறான். முதலில் மறைந்த பையனின் தாய் புகார் கொடுக்கப் போகும்போது தன் தங்கச் சங்கிலியைப் போலீஸ்காரருக்குக் கொடுக்க நேர்கிறது. அதிகம் பேசினால் புல்டோசர் வரும் என்று பயம். ஜெய்யின் அம்மா, வீட்டை இடித்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு மூட்டையைக் கதவருகே கட்டி வைத்திருக்கிறாள். 2006இல் நொய்டாவின் நிதாரியில் குழந்தைகளின் எச்சங்கள் வெளிவந்தபோது, எங்கள் புகாரைப் போலீஸ் காதில் வாங்கவில்லை என்று பெற்றோர் கதறியது நினைவிருக்கும். காணாமல்போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஆணையிட வேண்டியிருந்தது.

முக்கால் பங்கு வரை ஜெய்க்கு இது விளையாட்டு. அடுத்த வீட்டுத் துக்கத்தில் அவனுக்கு ஒரு கிளர்ச்சி இருக்கிறது, அதை அனப்பாரா மறைப்பதில்லை. பிறகு அவன் அக்கா ரூனு, ஓட்டப் பந்தயத்தில் பறக்கும் ரூனு, வீட்டுக்கு வரவில்லை. அந்த நிமிடத்திலிருந்து நாவல் வேறு. நேற்றுவரை அவன் பார்த்த வீடுகளைப்போல அவன் வீடும் ஆகிவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் தன்னைப் பார்க்கும்போது தன்னருகே இல்லாத ஒருத்தியைப் பார்க்கிறார்கள் என்பது ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியவருகிறது. அக்காவோடு போட்ட சண்டைகள் ஒவ்வொன்றும் இப்போது அவன் கணக்கில் ஏறுகின்றன.

பெற்றோரின் மனதுக்குள் ஆசிரியர் போகவே இல்லை, அதனால் துயரத்தின் முழு எடை கிடைக்கவில்லை என்று ஒரு விமர்சனம் வரலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மா ஏன் சாப்பிடவில்லை, அப்பா ஏன் கத்துகிறார் என்று வெளியில் நின்று ஊகிக்க வேண்டிய நிலைதான் மிஞ்சிய பிள்ளையின் நிலை. சூப்பர் மார்க்கெட் தகப்பனின் துக்கத்தை மக்யூவன் நமக்கு உள்ளிருந்து கொடுத்தார். அதே துக்கம் மேலே சாய்ந்து விழும்போது அடியில் நிற்பவன் எப்படி இருப்பான் என்பதை அனப்பாரா கொடுத்திருக்கிறார். இந்த வரிசையில் தமிழுக்கு ஒன்றை மட்டும் முதலில் மொழிபெயர்க்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். புல்டோசரும் மூட்டையும் எடுக்கப்படாத புகாரும் இங்கே யாருக்கும் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியவை அல்ல.