நாளிடாத பக்கங்கள்: பல்கலைக்கழக இணையதளத் தரநெறிகளும் பதிப்பாசிரியர் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழக இணையதளம் இன்று அறிவிப்புப் பலகையாக மட்டும் இல்லை. விதிகள், பாடத்திட்டங்கள், தேர்வு அறிவிப்புகள் ஆகியன மாணவருக்கு முதன்மையாகக் கிடைக்கும் இடம் அதுவே. எனினும் அதன் பக்கங்கள் பதிப்புப் பொறுப்புடைய பனுவல்களாகக் கருதப்படுவதில்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் இப்பொறுப்பை எவ்வாறு வரையறுக்கின்றன, அவ்வரையறை பல்கலைக்கழகச் சூழலுக்கு எந்த அளவு பொருந்துகிறது, தமிழ்ப் பக்கங்களில் எழும் தனிச்சிக்கல்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. தமிழ்த்துறைகள் கற்பிக்கும் பதிப்பியல் மரபிலிருந்து இச்சிக்கல்களுக்குத் தீர்வு பெற இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: பல்கலைக்கழக இணையதளம், தரநெறி, பதிப்பாசிரியர், பாடவேறுபாடு, அணுகல்தன்மை, ஒருங்குறி.

முன்னுரை

அச்சு நூலொன்றில் பிழை நேரின் அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதில் ஐயமில்லை. முகப்புத் தாளில் பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பாண்டும் உள்ளன. பல்கலைக்கழக இணையதளத்தின் பக்கமொன்றில் பிழை நேரின் அவ்வாறு சுட்டத்தக்க ஒருவர் பெரும்பாலும் இல்லை. கணினி மையம், துறை அனுப்பியதை ஏற்றியதாகக் கூறும். துறை, பதிவாளர் அலுவலகத்தின் சுற்றறிக்கையைக் காட்டும். பதிவாளர் அலுவலகம், தளத்தை வடிவமைத்த ஒப்பந்த நிறுவனத்தைச் சுட்டும். தொழில்நுட்பப் பொறுப்பு, நிருவாகப் பொறுப்பு ஆகிய இரண்டும் பேசப்படும் அளவிற்குப் பனுவல் பொறுப்பு பேசப்படவில்லை என்பதே இந்நிலைக்குக் காரணம் எனலாம்.

இக்கட்டுரை எந்தவொரு தனிப் பல்கலைக்கழகத்தின் தளத்தையும் மதிப்பிடுவதன்று. தரநெறிகளின் அடிப்படைக் கருத்தாக்கமும், அவை நடைமுறைக்கு வரும்போது தவறவிடும் இடங்களுமே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தரநெறிகள் வரையறுக்கும் பொறுப்பு

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023ஆம் ஆண்டில் வெளியானது. அணுகல்தன்மைக்கு டபிள்யூ3சி அமைப்பின் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை இந்நெறிமுறைகள் அடிப்படையாகக் கொள்கின்றன. உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை மூன்று கொள்கைகள் முதன்மையானவை: உள்ளடக்கத்தை அளித்தல், சீர்செய்தல், ஒப்புதல் வழங்கல் பற்றிய கொள்கை, குறித்த கால இடைவெளியில் மறுஆய்வு செய்யும் கொள்கை, காலங்கடந்த உள்ளடக்கத்தை ஆவணப்படுத்தும் கொள்கை. இவற்றை நடைமுறைப்படுத்த இணையத் தகவல் மேலாளர் என்னும் பொறுப்பாளரையும் நெறிமுறைகள் வேண்டுகின்றன.

இக்கட்டமைப்பின் வலிமை மறுக்கவியலாதது. ஒரு பக்கம் பிறந்து, திருத்தப்பட்டு, ஓய்வுபெறும் வாழ்நாள் உடையது என்னும் புரிதல் இதில் உண்டு. ஆயினும் இரு குறைபாடுகள் கருதத்தக்கன. முதலாவது, இணையத் தகவல் மேலாளர் என்பவர் மேலாளராகவே கருதப்படுகிறார். பனுவலின் சொல்லுக்கும் பொருளுக்கும் பொறுப்பேற்கும் பதிப்பாசிரியராக அல்லர். உள்ளடக்கம் உரிய வழியில் வந்ததா, ஒப்புதல் பெற்றதா என்பதை அவர் உறுதிசெய்யலாம். அது தெளிவானதா, முன்னைய பக்கத்தோடு முரண்படுகிறதா என்பதை உறுதிசெய்வார் யார் என்னும் வினா எஞ்சுகிறது. இரண்டாவது, இந்நெறிமுறைகள் அரசுத் துறைகளை முன்மாதிரியாகக் கொண்டவை. அரசுத் துறையில் கோப்பு மேலிருந்து கீழாக நகரும். பல்கலைக்கழகத்திலோ அறிவு துறைகளில் உருவாகிறது. ஒரு பாடத்திட்டத்தின் பொருத்தத்தை அறிந்தவர் அத்துறையின் ஆசிரியரே ஆவார். அனைத்துப் பக்கங்களையும் ஒரே ஒப்புதல் வரிசையில் நிறுத்தினால் துறைப்பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கும்.

நாளும் பாடவேறுபாடும்

பக்கத்தின் அடியில் இறுதியாகப் புதுப்பித்த நாள் இடம்பெற வேண்டும் என்பது நெறிமுறைகளின் எளிய விதிகளுள் ஒன்று. இவ்விதி மீறப்படுவதன் விளைவு எளியதன்று. முனைவர் பட்ட விதிகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று விதித்தொகுப்புகளை வெளியிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மதிப்பீடு பெற்ற ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும், இரு கருத்தரங்குகளில் கட்டுரை வழங்கியிருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி. 2022 நவம்பரில் வெளியான விதிகளில் இக்கட்டாயம் இல்லை. ஆயினும் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதனைத் தொடரலாம். ஆகவே ஒரு மாணவருக்கு எது பொருந்தும் என்பதை அவர்தம் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பே முடிவுசெய்கிறது. அவ்வறிவிப்பு நாளின்றி இருப்பின், அது எந்த ஆண்டில் பதிவுசெய்தவரைக் கட்டுப்படுத்தும் என்பதை அறிய வழியில்லை.

மானியக் குழுவின் கேர் ஆய்விதழ்ப் பட்டியலும் இத்தகையதே. 2019 முதல் நடைமுறையில் இருந்த அப்பட்டியல் கைவிடப்பட்டதை 2025 பிப்ரவரியில் மானியக் குழு அறிவித்தது. அதன் பின்னரும் பட்டியலில் உள்ள இதழ்களில் வெளியிடுக எனக் கூறும் பக்கம் ஒன்று, அது எழுதப்பட்ட நாளைக் காட்டினால் பழைய ஆவணமாக நின்றுவிடும். நாளைக் காட்டாவிட்டால் நடப்பு விதியாக மாணவரைத் தவறான வழியில் செலுத்தும். இரண்டிலும் சொற்கள் ஒன்றே. நாள் மட்டுமே வேறுபாடு.

இதனினும் கடுமையானது, பக்கம் ஓசையின்றித் திருத்தப்படுவது. பழைய கோப்பு நீக்கப்பட்டு அதே பெயரில் புதிய கோப்பு ஏற்றப்படும்போது, முன்னைய பாடம் இருந்தது என்பதற்கே சான்று இல்லாமற் போகிறது. தமிழ்ப் பதிப்பியலில் இதற்கு நேர்மாறான மரபு வேரூன்றியுள்ளது. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், தாம் கொண்ட பாடத்தை மட்டும் தந்து அமையவில்லை. பிரதிபேதங்களையும் வாசகர்முன் வைத்தார். தமக்குச் சுவடி கிடைத்த இடங்களைப் பதிவுசெய்தார். தம் முடிவைப் பிறர் சரிபார்க்க இடமளிப்பதே பதிப்பாசிரியரின் நேர்மை என்பது அதன் உட்பொருள். விதிப்பக்கம் ஒன்றில் எப்பகுதி, எந்நாளில், எந்தக் கூட்டத்தின் தீர்மானத்தால் மாற்றப்பட்டது என்னும் திருத்தக் குறிப்பும், முன்னைய பாடத்திற்கான இணைப்பும் அமைதல் இம்மரபின் இயல்பான நீட்சியேயாகும்.

முகவரியின் நிலைபேறும் இதனோடு தொடர்புடையது. இணையப் பக்கங்களின் முகவரிகள் மாறலாகாது என டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே வலியுறுத்தினார். தளம் புதிய வடிவம் பெறும்போதெல்லாம் பழைய முகவரிகள் அறுபடுகின்றன. ஆய்வுக் கட்டுரைகள் சான்றாகக் காட்டிய பாடத்திட்டமோ கருத்தரங்க மலரோ அதன்பின் சரிபார்க்க இயலாததாகிறது. வடிவமைப்பை மாற்றுவோர் இதனை இழப்பாகக் கணக்கிடுவதில்லை. ஆய்வுலகிற்கு அது சுவடி அழிவதற்கு ஒப்பான இழப்பு.

படமாகும் எழுத்து

சுற்றறிக்கையைத் தட்டச்சிட்டு, அச்செடுத்து, கையொப்பமும் முத்திரையும் இட்டு, வருடிப் படமாக்கி ஏற்றுவது பரவலான வழக்கம். எழுத்தாகக் கணினியில் பிறந்த பனுவல், இவ்வழியில் படமாகி இணையத்தை அடைகிறது. கையொப்பம் நம்பகத்தன்மையைக் காட்டுகிறது என்பதில் உண்மை உண்டு. ஆனால் அப்படத்தைத் தேடுபொறியால் தேட இயலாது; திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க இயலாது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவருக்கு அது வெற்றுத்தாளே.

இது வசதிக்குறைவு மட்டுமன்று, உரிமை தொடர்பானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்ப அணுகலை 42ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின் 15ஆம் விதி, இணையதளங்களுக்கு மேற்கூறிய அரசு நெறிமுறைகளைச் சுட்டியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அணுகல்தன்மை நெறிகளைப் பரிந்துரை நிலையிலேயே விட்டமையால் அவ்விதி சட்டத்தோடு முரண்படுகிறது எனக் கூறி, கட்டாயத் தன்மையுள்ள விதிகளை வகுக்குமாறு பணித்தது. தரநெறிகளைக் கடைப்பிடிப்பது நிறுவனத்தின் விருப்பம் என்னும் வாதத்திற்கு இனி இடம் குறைவு. கையொப்பமிட்ட படக்கோப்பினை நீக்க வேண்டுவதில்லை. அதனுடன் அறிவிப்பின் முழு வாசகத்தையும் எழுத்தாகத் தருவதே போதுமானது.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் உருவான கோப்புகள் இன்றும் புழங்குகின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ‘தமிழ்’ என்னும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது தேடலுக்கும் வாசிப்பு மென்பொருளுக்கும் பொருளற்ற எழுத்து வரிசையாகிறது. இத்தகைய எழுத்துருக்களில் ஒப்படைக்கப்பட்ட தமிழ் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இருந்தும், உள்ளடக்கத் தேடலுக்கு எட்டாதனவாக உள்ளன. ஒருங்குறியில் அமைந்த பக்கத்திலும் அதன் மொழி தமிழ் என நிரலில் குறிக்கப்படாவிடின், வாசிப்பு மென்பொருள் உரிய குரலைத் தேர்ந்தெடுக்கத் தவறக்கூடும். அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் இம்மொழிக்குறிப்பை அடிப்படை நிலையிலேயே வேண்டுகின்றன என்பது கருதத்தக்கது.

மொழிப்பொறுப்பு

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, 4ஆம் பிரிவில், பொது அதிகார அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டியவற்றை 17 இனங்களாகப் பட்டியலிடுகிறது. வெளியிடும்போது வட்டார மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எனினும் தமிழ்ப்பக்கம் என்பது பல இடங்களில் இயந்திர மொழிபெயர்ப்புப் பொத்தானாகச் சுருங்கிவிடுகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பொருளை ஓரளவு உணர்ந்துகொள்ள அது உதவும். ஆனால் அதற்குப் பொறுப்பாளர் இல்லை. விதியின் தமிழ் வடிவம் ஒவ்வொரு முறையும் வேறாகத் தோன்றக்கூடுமாயின் அதனை எவரும் மேற்கோளாகக் காட்ட இயலாது.

கலைச்சொல் ஒருமையும் பதிப்பாசிரியர் பணியே. ஒரே பதவி ஓரிடத்தில் ‘தேர்வாணையர்’ என்றும் மற்றோரிடத்தில் ‘தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்’ என்றும் வழங்குகிறது. ‘புலத்தலைவர்’, ‘முதன்மையர்’ ஆகியனவும் அவ்வாறே. இவ்வடிவங்கள் யாவும் ஏற்கத்தக்கனவே. ஒரு தளத்திற்குள் இருவேறு வடிவங்கள் வருமாயின் முதலாண்டு மாணவர் அவற்றை இருவேறு அலுவலகங்களாகக் கருத நேரிடும். நடைக்கையேடு ஒன்று இல்லாமை இங்குப் புலப்படுகிறது.

பொறுப்பைப் பகிர்தல்

மேற்கூறிய குறைகளுக்குப் பணியாளர் பற்றாக்குறையே காரணம் என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் தர மதிப்பீட்டுக் காலங்களில் தளங்கள் விரைந்து புதுப்பிக்கப்படுவதைக் காண்கிறோம். தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழுவுக்கான தன்மதிப்பீட்டு அறிக்கையும் அதன் சான்றாவணங்களும் தளத்தில் இடம்பெற வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஆற்றல் முற்றிலும் இல்லை என்பதைவிட, மதிப்பீட்டாளரே முதன்மை வாசகராகக் கருதப்படுகிறார் என்பதே பொருத்தம். மாணவரை முதன்மை வாசகராகக் கொண்டால் முன்னுரிமைகள் மாறும்.

பக்கங்களை அவற்றின் விளைவு நோக்கி மூன்றாகப் பகுக்கலாம். விதி, கட்டணம், தேர்வு ஆகியவை பற்றிய கட்டுப்படுத்தும் பக்கங்களுக்குப் பதிவாளரின் ஒப்புதலும் திருத்தக் குறிப்பும் கட்டாயமாதல் வேண்டும். பாடத்திட்டம், ஆய்வுப் பொருள், ஆசிரியர் விவரம் ஆகிய துறைப்பக்கங்களுக்குத் துறையிலேயே ஓர் ஆசிரியர் பெயர்சுட்டிய பதிப்பாசிரியராக அமைய வேண்டும். நிகழ்ச்சிச் செய்திகள் குறித்த காலத்திற்குப்பின் ஆவணப்பகுதிக்கு மாறுதல் வேண்டும். அணுகல்தன்மை, குறியாக்கம், முகவரி நிலைபேறு ஆகியவை மூவகைக்கும் பொதுவாகக் கணினி மையத்தின் பொறுப்பாகும். தமிழ்ப் பக்கங்களின் நடையும் கலைச்சொல்லும் தமிழ்த்துறையின் பொறுப்பாதல் தகும்.

இப்பணியைத் தமிழ்த்துறையினர் எழுத்தர் பணியாகவோ தொழில்நுட்பப் பணியாகவோ ஒதுக்குதல் பொருந்தாது. சுவடியியலையும் மூலபாட ஆய்வையும் வகுப்பில் கற்பிப்பவர்கள், தம் நிறுவனத்தின் பனுவல்கள் நாளும் பெயருமின்றி மாறுவதைப் பிறர் சிக்கலாகக் காண இயலாது. அதேவேளை இப்பொறுப்பினை ஊதியமோ பணிநேரமோ இல்லாத கூடுதல் சுமையாக இளம் ஆசிரியர்மீதும் ஆய்வு மாணவர்மீதும் சுமத்துவதும் முறையன்று. பதிப்பாசிரியர் பணி கல்விப்பணியாக ஏற்கப்பட்டுப் பணிச்சுமைக் கணக்கில் இடம்பெற்றாலன்றி, எத்தகைய தரநெறியும் ஏட்டளவிலேயே நிற்கும்.

முடிவுரை

இந்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இணையதளத்தின் வாழ்நாளை முறைப்படுத்துகின்றன. பனுவலுக்கான பொறுப்பை முழுமையாக வரையறுக்கவில்லை. நாள், திருத்தக் குறிப்பு, நிலையான முகவரி, எழுத்து வடிவம், கலைச்சொல் ஒருமை, பொறுப்பாளர் பெயர் ஆகிய ஆறும் பல்கலைக்கழகப் பக்கத்திற்கு இன்றியமையாதன என்பது இவ்வாய்வில் பெறப்படும் முடிவு. இவற்றுள் பெரும்பாலானவை புதிய மென்பொருளையோ பெரும் நிதியையோ வேண்டுவன அல்ல. பக்கத்திற்குப் பொறுப்பேற்கும் ஒருவரையே வேண்டுகின்றன. பல்கலைக்கழகங்களின் திருத்தப்பட்ட விதிப்பக்கங்களைத் தொகுத்து அவற்றின் பாடவேறுபாடுகளை ஒப்பிடும் ஆய்வு இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கதாகும்.